கால் தொன் வண்டி



பழமையைப் பேணுதல் என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை கோயிற் கோபுரமும் ஏட்டுச் சுவடியும் செப்புத் திருமேனியுமேயாம். அவ்வரிசையிலே கறள் பிடித்த பொதிவண்டி ஒன்றையும் வைத்துப் பேச நான் முற்படுவது சிலருக்கு நகையை விளைத்தல் கூடும். விளைக்கட்டும். 35 ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவனுக்கு நகைப்பொலி புதிதன்று.

நான் கூறப்போகும் வண்டி ஒரு மொறிஸ் மைனர் பிக்கப். மொறிஸ் மைனர் காரை யாழ்ப்பாணத்தார்க்கு அறிமுகஞ் செய்தல் வேண்டா. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த அக்கார் 1948ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. 1953இல் அதே முகத்தோடு சிறு வானும் பிக்கப்பும் வெளிவந்தன. முகம் ஒன்றாயினும் உடல் வேறு. காருக்கு அதன் உடலே எலும்பு. தனிச் சட்டகம் கிடையாது. பிக்கப்புக்கோ கீழே தனி இரும்புச் சட்டகம் உண்டு. அதன்மேல் ஓட்டுநர் அறையையும் பின்னே பொதித்தட்டையும் ஏற்றிப் பூட்டியிருப்பார்கள். கால் தொன் பாரத்துக்கென அது விதிக்கப்பட்டது. கால் தொன் என்பது 5 அந்தர். அதாவது 560 இறாத்தல். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 254 கிலோகிராம். இவ்வெண்ணை நேயர்கள் சற்றே நினைவில் வைத்திருக்குமாறு வேண்டுகிறேன்.

எங்கள் வண்டி 1958க்கு முற்பட்டது என்பதற்கு அதன் இலக்கத் தகடே சான்று. ஸ்ரீ எழுத்து வருமுன் வழங்கிய ஆங்கில இரண்டெழுத்துத் தகடு அது. வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காரர் ஒருவர் அதனை வாங்கி, சின்ன வெங்காயமும் புகையிலையும் ஏற்றிச் சுன்னாகம் சந்தைக்கு ஓட்டினார். அவர் காலஞ்சென்றபின் வண்டி அவர் வளவிலே கிடுகுக் கொட்டிலின்கீழ் நெடுங்காலம் கிடந்தது. கனடாவிலே வாழும் அவருடைய மகன், 2021ஆம் ஆண்டிலே, இரும்புக்காரனுக்குக் கொடுக்க மனமில்லாமல் அதனை எங்களுக்குத் தந்தார். வெளிநாட்டு வாகன இறக்குமதி 2020 மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. ஓடக்கூடிய பழைய வாகனம் எதற்கும் பொன்விலை சொன்னார்கள். அந்த நாளிலே ஒருவர் ஒரு சதமும் பெறாமல் வண்டியைத் தந்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது நன்றன்று.

நாங்கள் என்பது நால்வர். ஒருவர் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையிலே பொருத்துநராக இருந்தவர். கையினால் தொட்டே ஆணியின் அளவைச் சொல்லுவார். மற்றொருவர் ஓய்வு பெற்ற தபாலதிபர். மூன்றாமவர் தகட்டு வேலை தெரிந்த இளைஞர், என் பழைய மாணாக்கர், கணக்கிலே பின்தங்கியவர், சுத்தியலை எடுத்தால் எங்கள் அனைவருக்கும் ஆசிரியர். நான்காமவனாகிய எனக்கு வாய்த்த பணி எழுத்து வேலை. கழற்றிய ஒவ்வோர் உறுப்புக்கும் எண் கட்டி, எந்த ஆணி எந்தத் துளையிலிருந்து வந்தது என்று பாடசாலைக் கொப்பியிலே படத்துடன் எழுதினேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரிய கலாசாலையிலே எமக்குப் போதித்த விதி, இயந்திரத்தைக் கழற்றுவதற்கும் பூட்டுவதற்கும் இத்துணைப் பொருந்தும் என்று அன்று யார் கண்டார்! நான்கு கொப்பிகள் நிரம்பின.

கறள் எங்கே இருக்கும் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிவதில்லை. மேற்பூச்சுப் பளபளத்திருக்க உள்ளே தகடு அப்பளமாகியிருக்கும். முன்சில்லு எற்றிய சேறு போய்த் தங்கும் மூலைகளே முதலில் உக்குவன. கடற்காற்றில் உப்பும் கலந்துவிட்டால் கேட்பானேன்! உக்கிய பகுதியை வெட்டி எறிந்து, நல்ல இரும்பு தோன்றும்வரை சுரண்டி, புதுத் தகடு ஒட்டிச் செந்நிற அடிப்பூச்சுப் பூசினோம். 2022இலே ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நீடித்த நாள்களில் ஒட்டு வேலை நின்றது. சுரண்டுகிற வேலை நிற்கவில்லை. அதற்கு மின்சாரமும் வேண்டாம், பெற்றோலும் வேண்டாம். சுரண்டுந்தோறும் நிறம் மாறியது. மேலே வெள்ளை, அதன்கீழ் நீலம், எல்லாவற்றுக்கும் கீழே, கதவின் உட்புறத்தில் கையகல இடத்தில் மட்டும், தொழிற்சாலைப் பச்சை.

முன்கண்ணாடி எங்களுக்குத் தொல்லை தரவில்லை. 1956இல் வந்த மாதிரிக்கு வளைந்த ஒற்றைக் கண்ணாடி. எங்களுடையது அதற்கு முந்தியது. நடுவே கம்பி வைத்துப் பிரித்த இரண்டு தட்டைக் கண்ணாடிகள். படத்துக்குச் சட்டமிடுகிற கடைக்காரர் ஒரு முற்பகலில் வேண்டிய கண்ணாடியை அளந்து வெட்டித் தந்துவிட்டார். மின்கம்பி வேலையிலேதான் விழிப்பாயிருக்க வேண்டியிருந்தது. இக்காலத்து வாகனங்களில் பற்றறியின் எதிர்முனை உடலோடு இணைந்திருக்கும்; அக்காலத்து மொறிசிலே நேர்முனை இணைந்திருக்கும். உதவிக்கு வருகிற பிள்ளைகள் பழக்கத்தினால் மாற்றிப் பூட்டிவிடுவர் என்றஞ்சிப் பற்றறிப் பெட்டியின் மூடியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். இயந்திரமோ 803 கன சென்ரிமீற்றர் கொண்ட ஏ வரிசை. 1951இலே ஒஸ்ரின் ஏ 30 காரில் தோன்றிய அவ்வரிசை, பருமனில் வளர்ந்து வளர்ந்து, 2000ஆம் ஆண்டிலே கடைசி மினி கார் வெளிவரும் வரைக்கும் வாழ்ந்தது. ஆதலால் உறுப்புகள் இன்றும் கிடைக்கின்றன. தபாலதிபர் இலண்டனிலுள்ள உறவினருக்குக் கடிதம் எழுதுவார். அவர்கள் விடுமுறைக்கு வரும்போது புடைவைகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவருவார்கள். இன்னொன்று சொன்னால் வியப்படைவீர்கள். 1990களிலே மொறிஸ் மைனரின் தகட்டு உறுப்புகள் இந்நாட்டிலேயே செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாயின. அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆணியேனும் வந்து சேருதல் அரிதாயிருந்தது.

இனி நான் சொல்ல வந்த பொருளுக்கு வருகிறேன். இயந்திர மூடியைத் திறந்தபோது உள்ளே, தடுப்புத் தகட்டின் மேற்புறத்திலே, பால்மாப் பேணி ஒன்றை ஈயத்தால் அடைத்து ஆணிகொண்டு பொருத்தியிருந்தது. அதிலிருந்து ஒரு செப்புக் குழாய் புறப்பட்டு ஓட்டுநர் அறைக்குள் நுழைந்து, பலகையின்கீழ் இருந்த பித்தளைத் திருகு ஒன்றிலே சேர்ந்தது. பெரிய தாங்கியிலிருந்து வரும் குழாயும் அதிலேயே சேர்ந்தது. திருகை இடம் திருப்பினால் பேணியிலிருப்பது காபரேற்றருக்குச் செல்லும். வலம் திருப்பினால் தாங்கியிலிருப்பது செல்லும். பேணியிலே பெற்றோல், தாங்கியிலே மண்ணெண்ணெய்.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், வடக்கே செல்லலாகாது என்று தடைசெய்யப்பட்ட பொருள்களிலே பெற்றோலும் பற்றறியும் அடங்கும். களவாய் வந்த பெற்றோலைப் போத்தல் அளவில் விற்றார்கள். மண்ணெண்ணெய் மட்டும் ஓரளவு கிடைத்தது. ஆயின் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த இயந்திரத்தை அதனால் எழுப்ப முடியாது. ஆகையால் சில துளி பெற்றோலால் எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். இது நம்மவர் புதிதாய்க் கண்டதன்று. பேர்கசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகையிலே இதே ஏற்பாட்டைத் தொழிற்சாலையே செய்து தந்தது. மொறிசுக்கு அவ்வாறு எவரும் செய்து தரவில்லை. இங்குள்ள கைவினைஞர் செய்தனர். அவ்வியந்திரமும் இணங்கியது. உள்ளிழுக்கும் குழாயும் புகைபோக்கும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருத்தலால், வெளியேறும் புகையின் வெப்பம் உள்ளே வரும் எண்ணெயை ஆவியாக்கும். அமுக்க விகிதம் 7.2க்கு 1 என்னும் தாழ்ந்த அளவாதலால், தீப்பொறியைச் சற்றுப் பிந்தவைத்தால் இடிப்பும் அடங்கும். தீமையும் இல்லாமலில்லை. எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே வழிந்து அடியிலுள்ள ஒயிலோடு கலக்கும். ஓட ஓடக் குறையவேண்டிய ஒயில் கூடிக்கொண்டு போகும். நீர்த்த ஒயிலால் வளையங்கள் தேயும். எங்கள் இயந்திரத்தின் நான்கு உருளைகளும் அவ்வாறே தேய்ந்திருந்தன. அவற்றைக் கடைந்து பெருப்பித்துப் பெரிய பிஸ்டன்கள் பூட்டினோம்.

இத்திருகை வைப்பதா, கழற்றுவதா என்பதே எங்களுக்குள் எழுந்த வழக்கு. தபாலதிபர் பழைய கைந்நூல் ஒன்றை வரவழைத்து வைத்திருந்தார். தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே ஆக்குவதுதான் புதுப்பித்தல் என்பது அவர் கட்சி. அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஒருவர் செய்த மாற்றத்தை வைத்தால் மற்றவர் செய்ததையும் வைக்கவேண்டும். முன்பலகையில் யாரோ ஒட்டிய பிளாஸ்ரிக் பூவையும் வைக்கவேண்டும். அப்படியாயின் எங்கே நிறுத்துவது? பொருத்துநரோ திருகைத் துடைத்துக் கையில் வைத்துப் பார்த்தார். "அண்ணை, இது எந்தக் கடைச்சல் பட்டறையிலை கடைஞ்சதெண்டு எனக்குத் தெரியும். லேத்தைக் கையாலை சுத்திக் கடைஞ்சவங்கள். கறண்ட் இல்லை" என்றார். அதற்குமேல் அவர் வாதாடவில்லை.

வாதாடவேண்டிய கடமை எனக்கு வந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்ததைப் பலரும் அறிவர். நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியிலே இலட்சக்கணக்கானோர் மழையில் அடிமேல் அடிவைத்து நகர்ந்தனர். இவ்வண்டியின் சொந்தக்காரர் அன்று தம் வெங்காயத்தை இறக்கிவிட்டு, நடக்கமாட்டாத அயலவரை ஏற்றினார். பதினொருவர். அவர்களுள் ஒருவர் என் தாயார். பிள்ளை பெற்று எட்டாம் நாளான ஒரு பெண்ணும் இருந்தாள். துவிச்சக்கர வண்டியை உருட்டிக்கொண்டு நான் பின்தட்டைப் பிடித்தபடி நடந்தேன். நடை வேகத்திலே மண்ணெண்ணெய் இயந்திரம் குளிர்ந்து அணைந்துபோகும். அணையுமுன் திருகை இடம் திருப்பவேண்டும். பத்துப் பாகம் நகர்ந்தபின் மீண்டும் வலம் திருப்பவேண்டும். பேணியில் இருந்ததோ ஒன்றரைப் போத்தல் பெற்றோல். அது தீர்ந்துவிடும் என்று கண்டால் அவர் இயந்திரத்தை நிறுத்துவார், நாங்கள் தள்ளுவோம். விடியற்காலையில் பாலத்தைக் கடந்தோம். பேணியில் இன்னும் சிறிது மிஞ்சியிருந்தது.

தபாலதிபர் அக்காலத்தில் மட்டக்களப்பிலே கடமையாற்றியவர். இதனை முன்பு கேட்டவரல்லர். சிறிது நேரம் கைந்நூலைப் புரட்டிக்கொண்டிருந்தார். "சரி மாஸ்ரர், திருகு நிக்கட்டும். பூ நிக்காது" என்றார். அவ்வாறே தீர்ந்தது. ஆனால் சூடான புகைக்குழாயின் அருகே பெற்றோற் பேணி இருப்பது ஆபத்து. எவரும் அதனைப் பின்பற்றலாகாது. ஆகையால் பேணியை வெறுமையாக்கிக் குழாய்களின் வாயை அடைத்து, பெற்றோலுக்கு நேரே புதுக்குழாய் இட்டோம். திருகு திரும்பும், ஒன்றும் பாயாது. பொதித்தட்டிலே தோட்டக்காரர் பூட்டிய பனஞ்சிலாகைகளையும் வைத்துக்கொண்டோம். பின்வில்லுகளில் ஏதோ லொறியிலிருந்து எடுத்துச் சேர்த்திருந்த இரண்டு மேலதிகத் தகடுகளைக் கழற்றினோம். வெறும் வண்டி ஓடும்போது அவை முதுகை ஒடித்தன. பூச்சு, கதவின் உட்புறத்துப் பச்சையைப் பார்த்துக் கலந்தது.

2024ஆம் ஆண்டிலே நண்பர்கள் கூடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடசாலை மைதானம் ஒன்றில் பழைய வாகனங்களைக் காட்சிக்கு நிறுத்தினர். ஏ 40களும் கேம்பிரிட்ஜுகளும் ஒக்ஸ்போர்ட்டுகளும் வரிசையாய் நின்றன. தென்னிலங்கையிலிருந்தும் சிலர் ஓட்டிவந்தனர். அவர்கள் வண்டிகளின் முன்தகட்டில் முகம் பார்க்கலாம். எங்கள் வண்டியில் முகம் தெரியாது. தூரிகை ஓடிய தடம் தெரியும். கைந்நூல் கற்ற ஓர் இளைஞர் திருகைக் கண்டு, இது தொழிற்சாலை உறுப்பன்று என்று குற்றங் கூறினார். ஆம் என்றார் தபாலதிபர்; சொல்லிவிட்டு அரைமணி நேரம் விளக்கமும் கொடுத்தார். அவர் எனக்கு எதிராய் வாதாடியபோதுகூட அத்துணை ஆவேசத்தை நான் கண்டதில்லை.

மாத்தறைப் பக்கத்திலிருந்து வந்த முதியவர் ஒருவர் நெடுநேரம் நின்று பார்த்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்திலும் அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் பேசிக்கொண்டோம். மண்ணெண்ணெய் என்றதும் அவருக்கு மேலே விளக்கம் வேண்டியிருக்கவில்லை. 2022இலே பெற்றோல் வரிசையில் இரண்டு இரவுகள் தம் காருக்குள்ளேயே உறங்கியவர் அவர். எத்தனை ஆண்டு இப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டார். வண்டிக்காரர் ஓட்டிய ஆண்டுகளை விரலிலே எண்ணிக் காட்டினேன். அவர் குனிந்து திருகை ஒருமுறை இடமும் ஒருமுறை வலமுமாய்த் திருப்பிப் பார்த்தார். பிறகு தம் வண்டியிலிருந்த ஒரு சோடி கதவுப் பிடிகளைக் கொண்டுவந்து தந்தார். எங்கள் வண்டியின் இடக்கதவுப் பிடி பொருத்தமற்றது என்பதை அவர் வந்தவுடனேயே கவனித்திருக்கிறார்.

மாணவர்களை ஏற்றி மைதானத்தைச் சுற்றிக் காட்டினோம். ஒரு சுற்றுக்கு ஐவர் என்று நான் கட்டளையிட்டேன். கால் தொன் கணக்கை அவர்களையே செய்து பார்க்கவும் வைத்தேன். தங்கள் நிறையைக் கூட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒருவர் ஏறலாம் ஐயா என்று வாதித்த சிறுமிக்கு இடம் கொடுத்தோம். கணக்குச் சரியாய் இருந்தது.

வேலை முற்றாக முடியவில்லை. பொதித்தட்டின்மேல் துணிக்கூரை போர்த்துவதற்குரிய இரும்பு வளைவுகள் எங்கும் அகப்படவில்லை. வளைத்துச் செய்வோம் என்கிறார் பொருத்துநர். மூலவளைவு ஒன்றையேனும் பார்த்து அளவெடுக்காமல் செய்யலாகாது என்கிறார் தபாலதிபர். நேயர்களுள் எவரிடமேனும், கோழிக்கூட்டுக்கு மேலோ கொடிப்பந்தலிலோ அத்தகைய வளைவு இருக்குமாயின், இவ்வானொலி நிலையத்தின் மேற்பார்வையில் எனக்கு ஒரு தபாலட்டை எழுதுமாறு வேண்டுகிறேன். அளவெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம்.