மோட்டார் எரிந்தால் யார் காசு?



திருமங்கலம் அருகே கப்பலூர்ப் பக்கமும் தோப்பூர்ப் பக்கமும் பிளாட் போட்ட நிலத்தில் முதலில் வீடு எழும்பும், அடுத்தது போர்வெல், அதற்கடுத்தது சங்கம். ஊர்க் குடிநீர்க் குழாய் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாத வீட்டார் கூடிப் போர் போடுவார்கள், மேல்நிலைத் தொட்டி கட்டுவார்கள், மாதச் சந்தா பிரித்து நடத்துவார்கள். இதில் யாருக்கும் ஒரு பைசா லாபம் கிடையாது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்து, ஆண்டுதோறும் கணக்கும் காட்டுகிற சங்கங்களும் உண்டு.

ஒருநாள் மோட்டார் எரியும்.

காயில் கட்டுவதா, புதிதே வாங்குவதா என்று பேச்சு நடக்கும். இருப்பில் இருப்பது மின்கட்டணத்துக்கே சரி. செயலாளர் வீடு வீடாக ஏறி இறங்குவார். "எங்களுக்குத்தான் தனி போர் இருக்கே" என்பார் ஒருவர், "வாடகைக்கு இருக்கோம், ஓனரைக் கேளுங்க" என்பார் இன்னொருவர். வங்கிக்குப் போனால் ஈடு கேட்பார்கள். சங்கத்தின் பெரிய சொத்தே தரைக்கடியில் இருக்கிற துளைதான், அதை எந்த மேலாளர் வந்து மதிப்பிடுவார்?

அதைவிடப் பெரிய தகராறு, புதிதாக வீடு கட்டியவர் இணைப்புக் கேட்கும்போது வருகிறது. முதல் போட்டவர்கள் பழைய செலவைக் கணக்குப் பார்ப்பார்கள். வந்தவரோ, "குழாய் இழுக்கிற செலவை மட்டும் தர்றேன்" என்பார். தெரு வளர வளரச் சங்கம் மெலிகிறது.

இந்த முடிச்சை அவிழ்த்த கிராமங்கள் ஒடிசாவில் இருக்கின்றன. அங்கே 1971இல் புயல் அடித்தபோது சென்னையிலிருந்து ஒரு மாணவர் கூட்டம் நிவாரணத்துக்குப் போனது. அவர்களில் சிலர் திரும்பவில்லை. ஜோ மடியத் தலைமையில் 1979இல் 'கிராம் விகாஸ்' பிறந்தது. ஊரில் ஒரு வீடுகூட விடுபடாமல் எல்லாச் சாதியாரும் சேர்ந்தால்தான் தண்ணீர்த் திட்டத்தைத் தொடங்குவோம் என்பது அவர்கள் விதி. வீட்டுக்குச் சராசரி 1,000 ரூபாய் முதலாகப் போட வேண்டும். வசதியானவர் கூடப் போடலாம், இல்லாதவர் குறைத்துப் போடலாம். அந்த முதலைத் தொடக் கூடாது. அதன் வட்டி, பின்னால் வரும் புதுக் குடும்பத்துக்குக் கழிப்பறையும் குழாயும் அமைக்க உதவும். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போவார்கள் என்பதை முதல் நாளே கணக்கில் வைத்த ஏற்பாடு இது.

ஊரார் முதல் போடும் இந்த வழக்கம் மதுரைக்கும் புதிதல்ல. கண்மாய் விவசாயிகளைச் சங்கமாகத் திரட்டி 1992இல் இந்த மாவட்டத்தில் தொடங்கிய வயலகம் முயற்சியை, பின்னர் தானம் அறக்கட்டளை வளர்த்தது. அதன் விவசாயிகள் சங்கங்கள் சீரமைப்புச் செலவில் தங்கள் பங்கைப் போட்டன. பராமரிப்புக்கென்று தனி நிதியும் சேர்த்தன. 2017இல் கண்மாய்களைச் சீரமைக்கும் குடிமராமத்தை அரசு மீண்டும் கொண்டுவந்தபோதும் விவசாயிகள் பங்காகப் பத்து சதவீதம் கேட்டது. ஆனால் குடிமராமத்தில் கரையைப் பலப்படுத்திய மறு வருடம் மடை ஷட்டர் பழுதானால் அதற்குப் பணம் எங்கே?

கண்மாயிடமே பணம் இருக்கிறது. மீன் ஏலமும் மர ஏலமும் நடக்கின்றன. ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேலே போனால் நீர்வளத் துறைக் கண்மாய், கீழே என்றால் ஊராட்சி ஒன்றியக் கண்மாய். ஏலப் பணம் பொதுக் கணக்குகளுக்குப் போகிறது. மண்வெட்டியோடு கரையில் நிற்கிற சங்கத்துக்கும் அதில் உரிமை வேண்டும். கேட்க வேண்டியது இதைத்தான். மானியம் வேண்டாம், கண்மாய் வருமானத்தில் ஒரு பங்கு போதும்.

2019 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம் பராமரிப்புப் பணத்தைப் பற்றி நன்றாக யோசித்திருக்கிறது. ஊருக்குள் ஆகும் கட்டுமானச் செலவில் மக்கள் பத்து சதவீதம் தர வேண்டும். மலைப்பகுதியிலும், பட்டியலின, பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர்களிலும் ஐந்து சதவீதம் போதும். வேலை முடிந்து தண்ணீர் வந்தால், அந்தச் செலவில் பத்து சதவீதம் ஊக்கத்தொகையாகக் கிராமத்துக்கே வரும், பழுதுபார்க்கும் சுழல்நிதியாக. அமெரிக்காவிலோ 1996இல் குடிநீர்ச் சட்டத்தைத் திருத்தி ஒவ்வொரு மாநிலத்திலும் கடன் தரும் சுழல்நிதி வைத்தார்கள். பத்தாயிரம் பேருக்குக் குறைவானவர்களுக்குத் தண்ணீர் தரும் சிறு அமைப்புகளுக்கு, கடன் நிதியில் 15 சதவீதமாவது போய்ச்சேர வேண்டும். தனியார் நடத்துகிற லாப நோக்கற்ற அமைப்பும் கடன் கேட்கலாம். ஒரு சங்கம் திருப்பிக் கட்டிய பணம் அடுத்த சங்கத்தின் தொட்டியாகும். நம் நகர் நலச் சங்கங்களுக்கு அப்படியொரு கதவு திறக்க நகராட்சியும் கூட்டுறவு வங்கியும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும்.

அதுவரை சங்கங்கள் கையிலேயே சில வேலைகள் இருக்கின்றன. புது வீட்டுக்காரர் தரும் இணைப்புத் தொகையை மின்கட்டணத்தில் கரைக்காமல் நிரந்தர வைப்பில் போடலாம். சந்தாவில் ஒரு பகுதியை மோட்டாருக்கென்று தனிக் கணக்கில் சேர்க்கலாம். வரவு செலவைத் தொட்டியடியில் எழுதி ஒட்டலாம். அடுத்த பொதுக்குழுவில் இதற்குத் தீர்மானம் எழுத ஒரு பக்கம் போதும்.