அதிகாரத்தின் முன் நாவடக்கம்

தேவனுடைய பெயரை வீணாக எடுக்கலாகாது என்கிறது யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம். மக்களின் தலைவனைச் சபிக்கலாகாது என்கிறது 22-ஆம் அதிகாரம். தலைவனைப் பற்றிய இந்தக் கட்டளை அப்போஸ்தலன் பவுலின் வாழ்க்கையில் ஒருநாள் குறுக்கே வந்து நின்றது. எருசலேமில் ஆலோசனைச் சங்கத்தின் முன் அவர் வாய் திறந்ததுமே, வாயில் அடிக்கும்படி பிரதான ஆசாரியன் அனனியா உத்தரவிட்டான். சினந்த பவுல் அவனை வெள்ளையடித்த சுவர் என்று சாடினார். அவன் யார் என்று அருகில் நின்றவர்கள் சொன்னதும், அந்தக் கட்டளையைத் தானே எடுத்துச் சொல்லித் தணிந்தார். ஆனால் அடிக்கச் சொன்னது சட்டமீறல் என்று சொன்னதை அவர் மாற்றவில்லை. வேதம் கேட்கும் மரியாதை எத்தகையது என்பது இங்கேதான் தெளிவாகிறது.

அப்போஸ்தலர் நடபடிகளில் இதற்கு அடுத்த அதிகாரம் அதை இன்னும் துலக்குகிறது. தேசாதிபதி பேலிக்ஸின் முன் வழக்காட வந்த தெர்த்துல்லு, அவனால் நாடே செழித்தது என்று புகழ்ந்து தள்ளினான். பவுலோ, பல ஆண்டுகளாக அந்த நாட்டின் நீதிபதியாக இருப்பவர் என்று மட்டும் சொல்லி வழக்குக்குப் போய்விட்டார். முகத்துதி மரியாதை ஆகாது. பிறகு நீதியையும் இச்சையடக்கத்தையும் வரப்போகும் நியாயத்தீர்ப்பையும் பற்றி அதே பவுல் பேசியபோது பேலிக்ஸ் நடுங்கிப்போனான்.

அன்றாட வாழ்விலும் இப்படித்தான். தேவதானத்திலிருந்து ராஜபாளையம் தாலுகா ஆபீசுக்குப் பட்டா மனு கொண்டுபோகிறவர் ‘ஐயா’ என்று தொடங்கி ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிப்பார். நிலம் வேறொருவர் பெயரில் ஏறிவிட்டதை நடுவில் மறைக்க மாட்டார். ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையோடு தாவீது ராஜாவிடம் போன நாத்தான் தீர்க்கதரிசி செய்ததும் அதுவே: கதையாகத் தொடங்கினாலும் ராஜாவின் குற்றத்தை மறைக்கவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு வேதநாயக சாஸ்திரியார் சான்று. 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்று, ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்றிருந்தும், தஞ்சைப் பெரிய கோவிலின் சிவனான பெருவுடையார்மேல் பாடும்படி மன்னர் கேட்டபோது இயேசுவைத் துதித்தே பாடினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மன்னரை அவர் இகழவில்லை. விசுவாசத்தையும் விடவில்லை.

மனிதரிடம் இப்படியென்றால், தேவனிடம் பேசுவது எப்படி? வார்த்தைகள் சுருக்கமாக இருக்கட்டும் என்கிறது பிரசங்கி 5-ஆம் அதிகாரம். ஆனால் யோபு சுருக்கமாகப் பேசியவர் அல்லர். பிறந்த நாளையே சபித்தார், தேவனை வழக்குக்கு அழைத்தார். நண்பர்கள் மூவரும் தேவனுக்காகப் பரிந்து பேசினார்கள். முடிவில் அறியாமல் பேசிவிட்டேன் என்று யோபு தாழ்ந்தபோதும், தேவனுடைய கோபம் அந்த நண்பர்கள்மேல்தான் மூண்டது. தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுவே என்றார் அவர். அந்த மூவருக்காக வேண்டிக்கொள்ளும் பொறுப்பும் யோபுவிடமே வந்தது.