எழுந்து போக வேண்டியவர் யார்?

அவைத் தலைவர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, வாசகர் வட்டத்துத் தோழர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் சுவரோரமாக நின்றுகொண்டு, நடுவில் ஒருமுறை வெளியே போய்வரத் தயாராக இருக்கும் அண்ணன்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அண்ணன்மார்கள் எதற்கு வெளியே போவார்கள் என்று எனக்குத் தெரியும். போய்வாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் இதே வடசென்னை எர்ணாவூரில் இப்படி ஒரு கூட்டம் நடந்திருந்தால், நீங்கள் எதற்கு வெளியே போயிருக்கப் போகிறீர்கள்? உட்கார்ந்த இடத்திலேயே பற்றவைத்திருப்பீர்கள். பக்கத்து நாற்காலிக்காரர் இருமியிருப்பார். மேடையில் தலைவரே ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு, "பேச்சாளர் சுருக்கமாகப் பேசவும்" என்று சீட்டு எழுதி அனுப்பியிருப்பார். இன்றைக்குச் சீட்டு வரும், புகை வராது. அதுவரைக்கும் லாபம்.

பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை வந்ததால் நம்முடைய அன்றாடப் பழக்கவழக்கம் எப்படி மாறியது என்று பேசச் சொன்னார்கள். சட்டத்தின் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைபிடிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 2001 நவம்பரில், முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் அதையே நாடு முழுவதற்கும் சொன்னது. தமிழ்நாடு 2002-இல் தனக்கென்று ஒரு சட்டம் போட்டது. 2003-இல் நாடாளுமன்றம் புகையிலைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று, விரிவான விதிகள் அமலுக்கு வந்தன. அப்போது மத்திய சுகாதார அமைச்சர் நம் ஊர்க்காரர், அன்புமணி ராமதாஸ். ஓட்டல், தியேட்டர், ஆஸ்பத்திரி, ஆபீஸ், பார், ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் எல்லாமே அதில் அடக்கம். மீறினால் 200 ரூபாய் வரை அபராதம்.

அபராதம் போட போலீஸ்காரர்தான் வரவேண்டும் என்று நினைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் போடலாம், ரயில் நிலையத்தில் நிலைய அதிகாரி போடலாம். நூலகத்தில்? இதோ உட்கார்ந்திருக்கிறார்களே, நம் நூலகர் அம்மா, இவர்களே போடலாம்! புத்தகத்தைத் தாமதமாகக் கொண்டுவந்தால் மட்டும்தான் இவர்களுக்குப் பயப்பட வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சரி, இங்கே இருப்பவர்களில் அந்த 200 ரூபாயைக் கட்டியவர்கள் யார்? கை தூக்குங்கள் பார்க்கலாம். ஒரு கைகூட இல்லை. அபராதத்துக்குப் பயந்து இந்த ஊர் திருந்தவில்லை, அது உங்களுக்கே தெரியும். பிறகு எது மாறியது?

எழுந்து போக வேண்டிய ஆள் மாறிவிட்டார். ஐயா, நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். முன்பெல்லாம் டீக்கடை பெஞ்சில் ஒருவர் பற்றவைத்தால், புகை ஒத்துக்கொள்ளாதவர் தம்ளரைத் தூக்கிக்கொண்டு எழுந்து போவார். ரயில் பெட்டியில் ஒருவர் பற்றவைத்தால், கைக்குழந்தைக்காரி முந்தானையால் பிள்ளையின் மூக்கை மூடிக்கொண்டு கதவுப் பக்கம் போய் நிற்பாள். "கொஞ்சம் அணைங்க" என்று கேட்டால், "இன்னாமே, உனக்குன்னு தனி கம்பார்ட்மெண்டா வுட்டுக்கீறான்?" என்று பதில் வரும். சக பயணி ஆட்சேபித்தால் ரயில் பெட்டியில் புகைபிடிக்கக் கூடாது என்று 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்திலேயே எழுதியிருந்தது. எழுதியிருந்தும் மேற்கொண்டு கேட்பதற்கு வாய் வரவில்லை. 2008-க்குப் பிறகு அந்த வாய் வந்தது. "அண்ணே, வெளியே போய்ப் பிடிங்க" என்று ஒரு சின்னப் பையன் சொல்ல முடிகிறது. அந்த அண்ணன் முறைக்கிறார், முணுமுணுக்கிறார், ஆனால் எழுந்து போகிறார். அவரை எழுப்பியது 200 ரூபாய் அல்ல. பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அந்தப் பையன் பக்கம் நிற்பார்கள் என்று அவருக்குத் தெரிந்துபோனதுதான்.

"எங்களால் அடக்க முடியாதுப்பா, பழக்கம்" என்று சிலர் சொல்வார்கள். வேறு ஊரில் சொன்னால் நம்புவேன், எர்ணாவூரில் சொன்னால் நம்ப மாட்டேன். நம் ரயில் நிலையத்தின் பெயர் என்ன? விம்கோ நகர். 2021-இல் மெட்ரோ ரயிலும் அதே பெயரைச் சூடிக்கொண்டு இங்கே வந்தது. விம்கோ என்றால் தீப்பெட்டிக் கம்பெனி. ஸ்வீடன் தேசத்துக்காரர்கள் 1920-களில் இந்தியாவில் தொடங்கிய நிறுவனம். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் பீடிக்கு வைத்த நெருப்பு இந்த மண்ணிலிருந்து போனது. அந்தக் கம்பெனிக்குள்ளே, குச்சியும் மருந்தும் குவிந்துகிடக்கிற இடத்தில், யாராவது ஒரு பீடியைப் பற்றவைத்திருக்க முடியுமா? கொஞ்சம் தள்ளி மணலிக்குப் போங்கள். 1969-இலிருந்து ஓடுகிறது எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. அந்த மாதிரி ஆலைக்குள் போகிறவர்கள் தீப்பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எட்டு மணி நேர ஷிப்ட். பாதி பிடித்த பீடியைக் காதில் சொருகியிருப்பவரும் அந்த எட்டு மணி நேரமும் அடக்கிக்கொண்டுதானே இருந்தார்? முடிந்தது அல்லவா?

அப்படியானால் வடசென்னைத் தொழிலாளிக்குப் புகைத்தடையை டெல்லி வந்து கற்றுக்கொடுக்கவில்லை. அவருக்கு முன்பே தெரியும். தீக்குச்சி மருந்துக்கு முன்னால் பிடிக்க மாட்டார், பெட்ரோலுக்கு முன்னால் பிடிக்க மாட்டார். நான் கேட்பது இவ்வளவுதான்: பெட்ரோலுக்குக் கொடுத்த மரியாதையைப் பெற்ற பிள்ளைக்குக் கொடுத்தோமா?

நண்பர்களே, இந்தத் தடையால் நாம் ஒன்றை இழக்கவும் செய்தோம். அதை மறைத்தால் நான் நேர்மையான பேச்சாளன் இல்லை. பெட்டிக்கடை ஓரத்தில் தேங்காய்நார்க் கயிறு ஒன்று நுனியில் கனன்றுகொண்டே தொங்கும், நினைவிருக்கிறதா? இளைஞர்களுக்குத் தெரியாது, பெரியவர்களைக் கேளுங்கள். சூப்பர்வைசரும் அதில்தான் பற்றவைப்பார், மூட்டை தூக்குகிறவரும் அதில்தான் பற்றவைப்பார். "நெருப்பு இருக்கா?" என்று கேட்டுத் தொடங்கிய பேச்சு சங்கத்து விவகாரம், சம்பள பாக்கி, பெண்ணுக்கு மாப்பிள்ளை என்று எங்கெங்கோ போகும். படிப்பகத்தில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, பத்துப்பேர் பீடியோடு சுற்றி உட்கார்ந்து அரசியல் கற்றுக்கொண்டதெல்லாம் உண்மை. அந்தத் தோழமையை நான் ஏளனம் செய்ய மாட்டேன்.

ஆனால் அந்தத் தோழமையில் யார் இருந்தார்கள்? ஆம்பிளைகள் மட்டும்! அந்தப் பத்துப்பேரில் ஒரு பெண் உண்டா? ஓட்டலில் ஒரு மூலையில் திரைச்சீலை போட்டு "ஃபேமிலி ரூம்" என்று எழுதியிருப்பார்களே, பெண்களையும் குழந்தைகளையும் அதற்குள் தள்ளிவிட்டு, மீதிக் கடை முழுவதையும் புகைக்கு விட்டுக்கொடுத்தோம். இன்றைக்கு விம்கோ நகரில் மெட்ரோவை விட்டு இறங்குகிற பெண்பிள்ளைகள் நான்கு பேர், டீக்கடையில் நின்று டீ குடித்துவிட்டு, கணக்குப் பரீட்சையைத் திட்டிக்கொண்டே போகிறார்கள். படிப்பும் வேலையும்தான் அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. புகை விலகியது அவர்களுக்கு நிற்க இடம் கொடுத்தது. பத்துப்பேர் தோழமை போய்விட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் இந்த நான்கு பேரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் சமூகத்தில் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இன்னொரு தடை இருந்தது. மகன் பெட்டிக்கடையில் நின்று ஊதிக்கொண்டிருப்பான். தெருமுனையில் அப்பா வருவார். சட்டென்று கை முதுகுக்குப் பின்னால் போகும். அப்பாவுக்குத் தெரியும், மகனுக்குத் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். ஆனாலும் அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார், மகன் விரல் சுட்டாலும் கையை முன்னால் கொண்டுவர மாட்டான். தாய்மாமன் வந்தாலும் அப்படித்தான், வாத்தியார் வந்தாலும் அப்படித்தான். இதற்குப் பெயர் மரியாதை என்றோம்.

இந்த மரியாதை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனித்தீர்களா? மேல்நோக்கி மட்டும்தான். எழுபது வயது அப்பாவைக் கண்டால் மறைக்கிற அதே மனிதர், ஏழு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு டி.வி. பார்த்தபடியே ஊதுகிறார். அப்பா "அடேய், தூக்கிப் போடு" என்று சொல்ல முடிந்தவர். மகளால் சொல்ல முடியாது, எழுந்து போகவும் முடியாது. யாருக்குக் கெடுதல் அதிகமோ, அவளுக்கு மரியாதை இல்லை. 2008-இன் விதி அந்த மரியாதையை முன்பின் தெரியாதவர் பக்கமும் திருப்பிவிட்டது. ரயிலில் பக்கத்து சீட்டில் இருக்கும் யாரோ ஒருவருக்காக நாம் எழுந்து போகிறோம். வீட்டுக்குள்ளே இருப்பவர்களுக்காக எழுந்து போகிறோமா? சட்டம் நம் வீட்டுக் கதவைத் தட்டாது. அங்கே நாமே எழுந்தால்தான் உண்டு.

கணக்கும் இதைத்தான் சொல்கிறது. 2016-17-இல் நாடு முழுவதும் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பின்படி, பொது இடங்களில் பிறருடைய புகைக்கு ஆளானவர்கள் பெரியவர்களில் 25.7 சதவீதம். வீட்டுக்குள் ஆளானவர்கள் 38.7 சதவீதம். ஏழு வருடத்துக்கு முன் வீட்டுக் கணக்கு 52.3 ஆக இருந்தது, குறைந்திருக்கிறது, சந்தோஷம். ஆனாலும் பேருந்து நிறுத்தத்தை விட, ஓட்டலை விட, நம் வீட்டில்தான் புகை அதிகம் என்றால் அது சின்ன விஷயமா?

நம் ஊர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் எத்தனை அறை? ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜன்னலைச் சாத்திவிட்டால் அந்தப் புகை எங்கே போகும்? துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். வரிசை நகராது, டிரைவர் கேபினுக்குள் அடுத்தடுத்துப் பற்றவைக்கிறார். பக்கத்தில் கிளீனர் பையன். அவன் எங்கே எழுந்து போவான்?

இப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வரும். வரவேண்டும்! "ஐயா, சுத்தி இருக்கற சிம்னியெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியலையா? ஏழையோட பீடிதான் தெரிஞ்சுதா?" நியாயமான கேள்வி. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் ஓர் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது என்ன நடந்தது? பெரியகுப்பத்து மக்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அன்றைக்கு எழுந்து போனது யார்? மூச்சுவிடுகிறவர்கள். வாயுவை வைத்திருந்த ஆலை அதே இடத்தில் நின்றது.

அதனால்தான் சொல்கிறேன், இவை இரண்டும் வேறு வேறு விஷயம் இல்லை. டீக்கடையில் ஒரு சின்னப் பையன் "அண்ணே, வெளியே போங்க" என்று சொல்வதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. காற்றைக் கெடுக்கிறவர்தான் விலக வேண்டும், சுவாசிக்கிறவர் விலக வேண்டியதில்லை. பீடி பிடிக்கிற கூலித் தொழிலாளியிடம் இந்த நாடு அந்த நியாயத்தைக் கேட்டு வாங்கிவிட்டது. அவரும் கொடுத்துவிட்டார், எழுந்து வெளியே போய்விட்டார். 200 ரூபாய்க்காரரிடம் கேட்ட நியாயத்தை 200 கோடிக்காரரிடமும் கேட்க வேண்டாமா? 2024 டிசம்பரில், எண்ணூர் அனல்மின் நிலையத்தின் 660 மெகாவாட் விரிவாக்கத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தபோது நம் மக்கள் எழுந்து நின்று பேசினார்கள். அடுத்த கூட்டத்தில் இந்தச் சட்டத்தையும் சாட்சிக்கு அழையுங்கள். "ஒரு பீடிக்கு இந்த விதி என்றால், ஒரு சிம்னிக்கு எந்த விதி?" என்று கேளுங்கள்.

உங்களிடம் மூன்று காரியம் கேட்டுவிட்டு உட்காருகிறேன். முதலாவது, டீக்கடை, ஓட்டல் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு. அறுபதுக்கு முப்பது சென்டிமீட்டரில் ஒரு பலகை வைக்கச் சொல்கிறது சட்டம். வையுங்கள். புகைப்பவர்களுக்கு, பிள்ளைகள் ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கும் இடத்தை விட்டுத் தள்ளி ஓர் ஓரம் காட்டுங்கள். இரண்டாவது, பெற்றோர்களுக்கு. பள்ளிக்கூடத்தைச் சுற்றி நூறு கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு எங்கேயுமே விற்கக் கூடாது. உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியின் வாசலில் நின்று ஒருமுறை நீங்களே சுற்றிப் பாருங்கள். மீறல் இருந்தால் தலைமையாசிரியரிடம் சேர்ந்து போய்ச் சொல்லுங்கள், தனியாகப் போகாதீர்கள்.

மூன்றாவது, கடைசி வரிசை அண்ணன்மார்களே, உங்களுக்கு. விட்டுவிடுங்கள் என்று சொல்ல ஆசைதான். ஒரு மேடைப்பேச்சுக்கு அவ்வளவு சக்தி இல்லை, அதற்கு மருத்துவர் இருக்கிறார், ஆலோசனை இருக்கிறது, போய்ப் பாருங்கள். இன்றைக்கு ராத்திரிக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள். வீட்டில் கை பாக்கெட்டுக்குப் போகும்போது, உங்கள் மகளை உங்கள் அப்பாவாக நினைத்துக்கொள்ளுங்கள். எழுந்து வெளியே போங்கள். வீட்டுக்குள் எழுந்து பழகிய கால், நாளைக்கு ஆலை வாசலில் நியாயம் கேட்க நிற்கும்போது இன்னும் உறுதியாக நிற்கும்.