பிறர் மண்ணில் பேர் பெற்ற ஆசான்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

நாம் புலவரல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிக் காலங்கழிக்கும் குமாஸ்தா. தமிழ் மணம் கமழும் இம்மேடையில் உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேச எழுந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் பெங்களூரில் வாழ்கிறவர் இவ்வாட்டத்தைப் பற்றிப் பேச வெட்க வேண்டியதில்லை. 1937, 1938 ஆகிய ஈராண்டுகளிலும் பம்பாய் சென்று ரோவர்ஸ் கோப்பையை வென்று வந்தது இவ்வூரின் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி. 1946இலும் 1952இலும் மைசூர் அணி வங்காளத்தை வென்று சந்தோஷ் கோப்பையைக் கொணர்ந்தது. அல்சூர் கௌதமபுரத்து மக்கள் பிரேசில் வீரர் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். நம் ஸ்ரீராம்புரத்துச் சந்துகளிலும் மாலை வேளையில் பந்து உருளாத நாளில்லை.

இனி, நம் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். சென்ற ஆண்டு ஒரு மாலை, எம் இளைய மகன் புழுதியும் வியர்வையுமாக வந்து நின்று, "அப்பா, கோலுக்கு நேரே நின்றுதான் அடித்தேன். பந்து மேலே போய்விட்டது. ஏன் அப்பா?" என்று கேட்டான். "எல்லாம் அதிர்ஷ்டம். ஆட்டம் சோறு போடுமா? போய்ப் பாடத்தைப் படி" என்று அதட்டி அனுப்பினோம். அவன் அதற்குப் பின் எம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. சில திங்கள் கழித்து, ஜிம்மி ஹோகன் என்ற ஆங்கிலேயரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அதே கேள்வியை அங்கே கண்டபோது எமக்கு நெஞ்சு சுட்டது.

ஹோகன் 1882ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், லங்காஷயர் மாநிலத்து நெல்சன் என்னும் ஊரில் பிறந்தார். நம் முன்னோர் பின்னி ஆலையையும் மினர்வா ஆலையையும் நம்பி இவ்வூருக்கு வந்தார்களல்லவா? அதுபோன்ற நூலாலை நாடு அது. கணக்கராக வேண்டுமென்பது தந்தையின் விருப்பம். மகன் பந்தின் பின்னே போனார். பர்ன்லி அணிக்கு ஆடியபோது, ஒரு நாள் நல்ல இடத்திலிருந்து அடித்த பந்து கோலுக்கு மேலே போயிற்று. "பாதம் வைத்த முறை தவறா? உடல் நிலை தவறா?" என்று மேலாளரிடம் கேட்டார். "அடித்துக்கொண்டேயிரு, பத்தில் ஒன்று புகுந்தால் போதும்" என்பதே விடையாக வந்தது. பத்தில் ஒன்பது ஏன் வீணாக வேண்டும் என்று சிந்திக்கத் தொடங்கியவர், வாழ்நாள் முழுவதும் அச்சிந்தனையை விடவில்லை.

பின்னர் ஃபுல்ஹாம், போல்டன் முதலிய அணிகளுக்கு ஆடினார். போல்டன் அணியோடு ஹாலந்து சென்றபோது, டோர்ட்ரெக்ட் ஊராரைப் பத்துக்குச் சுன்னமாக வென்றார்கள். மற்றவர்கள் வெற்றியைக் கொண்டாட, ஹோகனோ, "திரும்பி வந்து இவர்களுக்கு ஆட்டத்தை முறையாகக் கற்பிப்பேன்" என்று உறுதி பூண்டார். 1910ஆம் ஆண்டில், முப்பது வயது நிரம்புமுன், சொன்னபடியே அவ்வூருக்குப் பயிற்சியாளராகச் சென்றார். 1912இல் ஹூகோ மைஸல் என்பவர் அவரை வியன்னாவுக்கு அழைத்தார். பந்தைத் தரையோடு தரையாக, குறுகிய தூரத்தில் தோழனுக்குத் தருவதும், பந்து வருமுன்னரே அடுத்து என்ன செய்வதென்று எண்ணுவதும் அவர் கற்பித்த பாடங்கள்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. பகை நாட்டவர் என்று வியன்னாவில் அவரைக் கைது செய்தார்கள். பின்னர் புடாபெஸ்ட் நகரத்து எம்.டி.கே. சங்கத்தார் அவரை வரவழைத்துத் தம் ஆட்டக்காரர்களை ஒப்படைத்தார்கள். காவல் நிலையத்தில் அவ்வப்போது வருகையைப் பதிவு செய்துகொண்டே, பகைவர் என்று பெயர் பெற்ற மக்களின் பிள்ளைகளுக்கு அவர் ஆட்டங் கற்பித்தார். ஓர்த், பிரவுன் என்ற இளைஞர்களைக் கண்டெடுத்துப் பழக்கினார். அந்தச் சங்கம் 1917 முதல் 1925 வரை ஒவ்வோர் ஆண்டும் ஹங்கேரியில் முதலிடம் பெற்றது. போர் முடிந்து ஹோகன் ஊர் திரும்பிய பின்னும் அவர் இட்ட அடித்தளம் நின்றது.

ஊர் திரும்பியவருக்கு என்ன கிடைத்தது? போரினால் வருவாய் இழந்த ஆட்டக்காரர்களுக்கு உதவித்தொகை உண்டென்று கேட்டு, லண்டன் கால்பந்துக் கழகத்துக்குச் சென்றார். பணத்திற்குப் பதிலாக, போர்முனை வீரர்களுக்கென இருந்த காக்கிக் காலுறைகளில் மூன்று இணையைக் கொடுத்தனுப்பினார்கள் என்று அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பகைவர் நாட்டில் வேலை செய்தவர் என்ற ஏளனம் அதில் இருந்தது. உள்ளூர் மாடு விலை போகாது என்பது நம் ஊருக்கு மட்டும் உரிய பழமொழி அன்று போலும்!

மீண்டும் அயல்நாடே அவரை ஏற்றது. சுவிட்சர்லாந்திலும், மறுபடி புடாபெஸ்டிலும், ஜெர்மனியிலும் பணி செய்தார். ஜெர்மனியில் ஒரு நாள், மொழி வாய்க்கு வராமல் அவையோர் நகைத்தார்கள். ஹோகன் மேடையிலேயே காலணியையும் காலுறையையும் கழற்றினார். வெறுங்காலால் பதினைந்து கஜத் தொலைவிலிருந்த மரச்சுவரின்மேல் பந்தை அடித்தார். திரும்பி வந்த பந்தை மறு காலால் அடிக்க, பலகை பிளந்தது. நகைப்பு அடங்கியது. வேற்று மொழி ஊரில் வாழும் நமக்கு இந்நிகழ்ச்சி தனியே பொருள் தருவது. சொல் தடுமாறினாலும் கற்ற தொழில் தடுமாறுவதில்லை.

1934இல் தாம் முன்பு ஆடிய ஃபுல்ஹாமுக்கே மேலாளராக வந்தார். ஆண்டு முடியுமுன், அவர் மருத்துவமனையில் இருந்தபோதே விலக்கப்பட்டார். "தேர்ந்த ஆட்டக்காரருக்குப் பயிற்சி எதற்கு?" என்பது அன்றைய எண்ணம். அடுத்து, அவர் பழக்கிய ஆஸ்திரிய அணி 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் இறுதி ஆட்டம் வரை சென்றது.

1953ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், லண்டன் வெம்பிளி அரங்கில் ஹங்கேரி இங்கிலாந்தை ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் வென்றது. ஐரோப்பியக் கண்டத்து அணி எதுவும் அதற்குமுன் இங்கிலாந்தை அதன் மண்ணில் வென்றதில்லை. எழுபத்தோரு வயது ஹோகன், தாம் பழக்கிவந்த சிறுவர்களை அழைத்துக்கொண்டு, பார்வையாளர் நடுவே அமர்ந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும், தங்களுக்கு எல்லாம் கற்பித்தவர் ஹோகனே என்று ஹங்கேரியச் சங்கத் தலைவர் உலகறியச் சொன்னார். 1974இல் ஹோகன் மறைந்தார்.

அன்பர்களே! வெறுங்கால் ஆட்டம் நமக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், நம்மவர் பெரும்பாலும் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்தபோது, ஒன்றுக்கு இரண்டாகத் தோற்ற அந்த ஆட்டத்தில் நம் கோலை அடித்தவர் மைசூர் அணியின் சாரங்கபாணி ராமன். 1952இல் ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியா பத்துக் கோல் போட்டபோது, நமக்காக ஒரு கோலைப் போட்டவர் பெங்களூர் அகமத் கான். கால் நம்மிடம் இருந்தது. காரணஞ் சொல்லிக் கற்பிக்கும் ஆசான்களே போதிய அளவில் இல்லை.

இப்போதும் ஆசான் இல்லாமலில்லை. ஆலை அணியில் ஆடி ஓய்ந்த பெரியவர் ஒருவர் நம் வீதியிலேயே இருக்கிறார். மகனை அவரிடம் அழைத்துச் சென்றோம். "தம்பி, உடம்பைப் பின்னால் சாய்த்தால் பந்து மேலேதான் போகும். ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும், முழங்கால் பந்துக்கு மேலே வரட்டும்" என்று ஐந்து நிமிடத்தில் விளக்கினார். பிறகு எம்மைப் பார்த்து, "இத்தனை வருஷத்தில் என்னை யாரும் கேட்டதில்லை, ஐயா" என்றார். அச்சொல் எமக்கு அந்த மூன்று இணைக் காலுறையை நினைவூட்டிற்று.

ஆகவே சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஞாயிறு தோறும் காலை ஒரு மணி நேரம், இத்தகைய பெரியவர்களை மாலையிட்டு அழைப்போம். பந்துக்கும் வலைக்கும் ஆளுக்குச் சிறிது கொடுப்போம். தமிழ்ப் பிள்ளைகளோடு கன்னடப் பிள்ளைகளும் உருதுப் பிள்ளைகளும் ஒரே களத்தில் நிற்கட்டும். பிழைக்க வந்த மண்ணுக்கு நாம் செலுத்தும் கடன் அது. அவர்களில் எத்தனை பேர் பெரிய ஆட்டக்காரராவர் என்பதன்று கணக்கு. "ஏன்?" என்று கேட்ட பிள்ளை விடையின்றித் திரும்பக் கூடாது; அவ்வளவே எமது வேண்டுகோள்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!