ஆய்வுகூடத்துக்கு அப்பால்

விஞ்ஞானத்திலே கலாநிதிப் பட்டம் பெற முயலும் மாணவர் ஒருவரை நோக்கி, 'பட்டம் பெற்றபின் யாது செய்யப் போகின்றீர்?' என வினவினால், 'பல்கலைக்கழகத்தில் ஆசிரியராவேன்' என்ற விடையே பெரும்பாலும் வரும். அவருக்கு வழிகாட்டுவோர் பல்கலைக்கழக ஆசிரியர். அவர் நாடோறும் காணும் உலகமும் அதுவே. ஆகவே அவ்விடை வியப்புக்குரியதன்று. அந்த ஆசை மிகச் சிலருக்கே கைகூடும் என்பதை அவருக்கு எவரும் காலத்தோடு எடுத்துரையாமையே வியப்புக்குரியது.

பிரித்தானியாவின் நிலையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கே ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் 1917 ஆம் ஆண்டில் இவ்வகை ஆராய்ச்சிப் பட்டத்தை ஏற்படுத்தியது. பின்னர்ப் பட்டம் பெறுவோர் தொகை பெருகிற்று. பதவிகள் அவ்வளவுக்குப் பெருகவில்லை. இலண்டனிலுள்ள றோயல் சொசைற்றி என்னும் விஞ்ஞானக் கழகம் 2010 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றோருள் நூற்றுக்கு 53 பேர் விஞ்ஞானத்துக்குப் புறம்பான தொழில்களுக்கே சென்றனர். பல்கலைக்கழகங்களில் நிரந்தர ஆராய்ச்சிப் பதவி பெற்றோர் நூற்றுக்கு நால்வரினும் குறைவு. பேராசிரியராக உயர்ந்தோர் ஏறக்குறைய இருநூற்றுவருள் ஒருவரே. இதன் காரணம் எளிது. பேராசிரியர் ஒருவர் தம் காலத்தில் இருபது மாணவரைப் பயிற்றுவாராயின், அவரது ஆசனத்தில் அமரக்கூடியவர் ஒருவர். ஏனைய பத்தொன்பதின்மர் எங்கே செல்வர்?

வெளியே செல்வதைத் தோல்வியெனக் கருதுவது தவறு. அமெரிக்கரான ரோய் பிளங்கெற் 1936 இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரசாயனக் கலாநிதியாகி, டியூப்பொன்ற் கம்பெனியிற் சேர்ந்தார். 1938 ஏப்ரில் 6 ஆம் நாள், வாயு நிரப்பிய உருளை ஒன்றைத் திறந்தபோது அதிலிருந்து வாயு வெளிவரவில்லை. உருளையின் எடையோ குறையவில்லை. 'வெறும் உருளை' என வீசிவிடாது, அதனை அறுத்துப் பார்த்தபோது உள்ளே வெண்ணிறத் தூள் இருந்தது. இன்று சமையற் பாத்திரங்களிற் பூசப்படும் டெப்லோன் இவ்வாறு கிடைத்ததே. ஐயம் எழுந்தவிடத்து நிறுத்துப் பார்க்கும் அந்தப் பழக்கமே ஆராய்ச்சிக் கல்வியின் பயன். அப்பழக்கம் எத்தொழிலுக்கும் உதவும்.

எனினும், பழக்கம் ஒன்றே போதாது. தம் துறை அறியாதவருக்கு விளங்க எழுதுதல், பலரோடு கூடி உழைத்தல், குறித்த நாளிற் குறித்த பணத்துள் வேலையை முடித்தல் ஆகியவை தனியே ஆய்வுகூடத்தில் இருப்பவருக்கு எளிதில் வாரா. சேர் காரெத் றொபேட்ஸ் 2002 இல் பிரித்தானிய அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கையிலே, ஆராய்ச்சி மாணவருக்கு ஆண்டுதோறும் இரண்டு வாரமேனும் இத்தகைய பயிற்சி வேண்டுமென விதந்துரைத்தார். 2012 இல் அந்நாட்டு உயிரியல் ஆராய்ச்சிச் சபை மேலும் ஒருபடி சென்றது. அதன் உதவி பெறும் பயிற்சித் திட்டங்களிற் சேர்ந்த மாணவர், தம் ஆய்வோடு நேர்த்தொடர்பில்லாத ஓரிடத்தில் மூன்று மாதம் பணிபுரிதல் வேண்டுமென விதித்தது.

தாவர நோயை ஆராயும் மாணவர் ஒருவர் அரசாங்கக் காரியாலயம் ஒன்றில் அமர்கின்றார் எனக் கொள்வோம். நூறு பக்கங்களில் எழுதப் பழகியவரிடம், மறுநாட் காலைக்குள் ஒரே பக்கத்திற் கருத்தைத் தருமாறு கேட்கின்றனர். எதை விடுவது, எதை முதலிற் கூறுவது என்பதை அன்றே அவர் கற்கின்றார். அத்தொழில் தமக்கு ஒவ்வாது என உணரினும் அதுவும் இலாபமே. பட்டம் பெற்றபின் அறிவதிலும் முன்னரே அறிதல் நன்று.

இதனால் ஆராய்ச்சிக்குரிய காலம் வீணாகும் என்பர் சிலர். நான்கு ஆண்டுக் கல்வியிலே மூன்று மாதம் பதினாறில் ஒரு பங்கு. மீதி வாழ்நாள் முழுவதற்கும் வழி தேடிக்கொள்ள அது பெருஞ் செலவன்று.

திட்டங்களிலும் முதன்மையானது ஆசிரியரின் உண்மையுரை. வெளியே செல்லும் மாணவரைக் கைவிட்டுப் போனவராக எண்ணாது, அவரது பெயரையும் பெருமையோடு சொல்லும் ஆசிரியரிடத்திலேதான் அடுத்த மாணவர் தம் கருத்தை அஞ்சாது உரைப்பார். 'பட்டம் பெற்றபின் யாது செய்யப் போகின்றீர்?' என்ற வினாவை இறுதி நாளிலன்றி, மாணவர் ஆய்வுகூடத்துள் அடிவைக்கும் முதல் நாளிலேயே கேட்டல் வேண்டும்.