பாவாணர் கண்ட பணிநிறைவு



இப் பகுதியின் பட்டு நெசவாளரைப் பாருங்கள். பாவில் ஓரிழை அறுந்தால், அதைப் பிணைத்த பின்னரே ஊடை ஓட்டுவர். கூலி குறைவென்று எவரும் அறுந்ததை அப்படியே விடுவதில்லை. (கூலிக்குப் போராடுவது வேறு வழக்கு, போராடத்தான் வேண்டும்.)

மொழிஞாயிறு பாவாணரும் அத்தகையரே. அந்நாளைய வடார்க்காட்டு ஆம்பூரில் மாணவராயிருந்து, பின்னர் அங்கேயே ஆசிரியரானார். 1940இல் ‘ஒப்பியன் மொழிநூல்’ வெளிவந்தபோதும் அவர் திருச்சியில் பள்ளியாசிரியர்தாம். அந்நாளில் வேர்ச்சொல்லாய்வை எவரும் அவருக்கு வேலையாகத் தந்திருக்கவில்லை. வகுப்பு முடிந்த வேளையில் தாமே மேற்கொண்டார். சேலங் கல்லூரியில் 12 ஆண்டு. பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1961இல் அவ் வேலை பறிபோயிற்று. அகவை 59. காட்டுப்பாடியில் வறுமையோடு வாழ்ந்தார்; 1963இல் துணைவியாரையும் இழந்தார். ஆயினும் 1966இல் ‘பண்டைத் தமிழ நாகரிகமும் பண்பாடும்’, 1969இல் ‘திருக்குறள் தமிழ் மரபுரை’ என நூல்கள் வந்துகொண்டேயிருந்தன.

‘மனத்திற்குகந்த வேலை கிடைக்குமா?’ என்று இளைஞர் வினவுகின்றனர். பாவாணர் அதற்குக் காத்திருந்தாரல்லர். கிடைத்த வேலையினூடே தம் வினையைக் கண்டார். அதற்காக, அவரது நிறைவைப் போற்றிவிட்டு, அவரது அடுப்பை மறந்த தமிழகத்தை நாம் மன்னித்தல் கூடாது. சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்குநர் பொறுப்பு 1974இல்தான் வந்தது. அப்போது அவருக்கு அகவை 72! கண்ணுங் கையும் தளர்ந்த பருவத்தில், வாழ்நாட் பணிக்கு ஊதியம். 1981 சுறவத்தில், மதுரை உலகத்தமிழ் மாநாட்டில் உரையாற்றியபின் நோயுற்று மறைந்தார். அகரமுதலியின் முதன்மடலம் 1985இல் வெளிவந்தது.