மஞ்சள் மாத்திரை

இறக்குவானை, தெரணியகலைப் பகுதித் தோட்டங்களிலே கருவுற்ற தாய்மார் சிகிச்சை நிலையத்திலிருந்து கொண்டுவரும் மாத்திரைகளுள் சிறியதாய், மஞ்சள் நிறமாய் ஒன்றுண்டு. போலிக் அமிலம் என்பது அதன் பெயர். இரும்பு மாத்திரை குமட்டுகிறதென்று ஒதுக்குவோர் சிலர், இதனையும் சேர்த்தே லயத்துக் கூரையிடுக்கிற் செருகிவிடுகின்றனர். பெயரைக் கேட்டுப் போலி மருந்தென எண்ணிவிட வேண்டா. இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்த பெயர் அது. 1941ஆம் ஆண்டிலே கீரையிலிருந்து பிரித்தெடுத்தமையால் அப்பெயர் பெற்றது.

உடம்பிலுள்ள கலமொன்று இரண்டாகப் பிரியுமுன், தன் மரபுப்பொருள் முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். அதற்கு வேண்டும் மூலப்பொருள்களுள் ஒன்றை ஆக்கித் தருவதற்குப் போலிக் அமிலம் தேவை. அதனைப் பயன்படும் வடிவிற்கு மாற்றுவது ஒரு நொதியம். உணவைப் பக்குவஞ் செய்யும் எளிய வேலையாள் போலத் தோன்றினும், கலப்பிரிவின் கடிவாளம் ஓரளவு அதன் கையில் உள்ளது. பிரியும் வேளை நெருங்கினால் கலமும் அந்நொதியத்தை மிகுதியாக ஆக்கிக்கொள்கிறது. போலிக் அமிலம் போதாவிடின் படியெடுப்பு நடுவழியில் தடைப்படும். கலமோ வளர்வதை விடுவதில்லை. பிரியமாட்டாமல் பருத்து நிற்கும். எலும்பு மச்சையில் இவ்வாறு நேர்ந்தால், செங்குருதிக் கலங்கள் உருவிற் பெருத்து, தொகையிற் குறையும். அதுவே ஒருவகைக் குருதிச்சோகை.

1928ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் மருத்துவ அம்மையார், கருவுற்ற ஆலைத் தொழிலாளப் பெண்களிடம் இந்நோயையே கண்டார். மதுவச் சாறாகிய மாமைற்று அதனைத் தீர்த்தது. தீர்த்த பொருளுக்கு அன்று பெயர்கூட இல்லை.

சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவிலே லெடர்லி ஆய்வுகூடத்தில் அதனைச் செயற்கையாக ஆக்கிய குழுவை நடத்தியவர். பின்னர் அதே உருவிற் சிறிது மாற்றிய பொருள்களையும் அக்குழு ஆக்கிற்று. அவை மேற்கூறிய நொதியத்தைப் பற்றி முடக்கிவிடும். பொஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி பார்பர், அவற்றுளொன்றைக் குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்து, சிலரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948இல் வெளியிட்டார். கட்டுக்கடங்காது பிரிந்த கலங்கள் மூலப்பொருளின்றி நின்றன! அவ்வினத்து மெதோதிரெட்சேற்று இன்றும் வழக்கிலுள்ளது.

நாள்தோறும் இலை கொய்யும் பெண்களுக்கு இலையின் பெயர்பெற்ற சத்துக் குறைவுபடுவது வேதனைக்குரியதே. கீரையும் பருப்பும் அதனைத் தரும். நெடுநேரம் அவித்து நீரைக் கொட்டினாற் பெரும்பங்கு போய்விடும். கருவின் நரம்புக் குழாய் ஏறக்குறைய 28 நாட்களுள் மூடிக்கொள்கிறது. தாய் தன் நிலையை உணருமுன்னரே அது நிகழ்ந்துவிடுவதால், இம்மாத்திரையைக் கருத்தரிக்குமுன்பே தொடங்க வேண்டும்.